கீறல் விழுந்த லென்ஸுக்கு உன் மாமனார் சொன்ன விலை

கோயம்புத்தூருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் என் மகனுக்கு,

ஒரே ஊருக்குள், ஆரப்பாளையத்திலிருந்து வண்டியூருக்கு ஒரு கடிதமா என்று நீ சிரிப்பாய். தபால்காரரும் சிரிப்பார். சைக்கிளை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் உன் வாசலில் வந்து நிற்கலாம். ஆனால் அது உன் மாமனாருடைய வாசல். என்னைக் கண்டதும் அவர் எழுந்து, "வாங்க சம்பந்தி, வெயில்ல வந்திருக்கீகளே" என்று தன் நாற்காலியை எனக்குக் கொடுப்பார். அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர்மேல் எனக்கிருக்கும் வயிற்றெரிச்சலை எப்படிச் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நீ உன் மனைவியோடு கோயம்புத்தூர் போகிறாய். அங்கே உன் மாமனார் பழைய காமிராவும் லென்ஸும் வாங்கி விற்கப் புதிதாகத் திறக்கும் கடையை நீ நடத்தப்போகிறாய். அதில் உன் பங்கு முதலுக்காக நம் ஸ்டூடியோவின் பெரிய லென்ஸை விற்றுத் தரமுடியுமா என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் இத்தனை நாளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இதுதான் பதில். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மாமனார்மேல் பொறாமை. அவர் கடையைப் பார்த்து இல்லை, அவர் பணத்தைப் பார்த்தும் இல்லை. உன்னை வைத்துத்தான். கல்யாணத்துக்கு முன்னால் நம் வீட்டில் கத்தரிக்காய் வைத்த நாளெல்லாம் நீ வெறும் மோர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாய். உன் அம்மா சுட்டுப் பார்த்தாள், வதக்கிப் பார்த்தாள், எள் பொடி தூவிக்கூடப் பார்த்தாள். போன மாதம் அவர் வீட்டு விருந்தில் உன் இலையில் கத்தரிக்காய்க் கூட்டு விழுந்தது. நீ அதைச் சாப்பிட்டு மறுபடியும் கேட்டு வாங்கினாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள், நான் என் இலையைப் பார்த்துக்கொண்டேன். இப்போது கைக்கடிகாரத்தை வலது கையில் கட்டுகிறாய், அவரைப் போலவே. எதற்கெடுத்தாலும் "மாமா சொன்னாக" என்கிறாய். பிறந்ததிலிருந்து நான் "டேய்" என்று கூப்பிட்டு வளர்த்த பிள்ளையை அவர், "மாப்ள, நீங்க என்ன நினைக்கிறீக?" என்று கேட்கிறார். அப்படிக் கேட்டால் யார்தான் போகமாட்டார்கள்? என்னை ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் நானும் பின்னாலேயே போயிருப்பேன்.

அந்த லென்ஸ் நம்மிடம் வந்தபோதே பழையதுதான். நீ தவழ்ந்துகொண்டிருந்த காலம். பசுமலைப் பக்கம் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனார். ஜெர்மன்காரன் செய்தது, கனத்த பித்தளைக் குழாய், உள்ளே பார்த்தால் கிணற்றைப் பார்க்கிற மாதிரி இருக்கும். பிறகு யுத்தம் வந்தது. ஜெர்மனியிலிருந்து சரக்கு நின்றது. புதியது கிடையாது என்று ஆனதும் பழையதெல்லாம் தங்கமாகிவிட்டது. திருச்சியிலிருந்தும் மதராஸிலிருந்தும் ஆட்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் அறுநூறு ரூபாய்வரை ஏறினார். நான் கறுப்புத் துணியை இழுத்து காமிராவை மூடிவிட்டு, "இது விக்கிறதுக்கு இல்லைங்க" என்றேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். வந்தவர்கள் படியிறங்கிப் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போதெல்லாம் பொறாமைப்படுகிறவர்கள் மற்றவர்களாக இருந்தார்கள்.

எழுமலைக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். உழவு வைத்திருக்கும் ஒரு சம்சாரி வீட்டில் பையன் பட்டாளத்துக்குப் போகிறான், குடும்பத்தோடு படம் வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம், கரி எரித்து ஓட்டும் பஸ்ஸில் போனோம். உசிலம்பட்டி தாண்டியதும் பஸ் நின்றுவிட, லென்ஸை நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீ இறங்கிப் பஸ்ஸைத் தள்ளினாய். அங்கே போய்ப் பார்த்தால் சித்தப்பா பெரியப்பா எல்லோரும் சேர்ந்து ஒரு ஊரே நிற்கிறது. அது போதாதென்று வீட்டுப் பெரியவர் ஒருவர், "மாட்டையும் சேத்துப் புடிங்க, ரெண்டு கொம்பும் விழணும்" என்றார். என் கண்ணில் அன்று தூசி விழுந்து உறுத்திக்கொண்டிருந்ததால் உன்னைக் கறுப்புத் துணிக்குள் போகச் சொன்னேன். நீ எட்டிப் பார்த்தாய், வெளியே வந்து பையனின் அப்பாவைப் பின்வரிசையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து பையன் பக்கத்தில் நிறுத்தினாய். "அண்ணே, நீங்க தோள்ல கையப் போட்டுக்கங்க" என்றாய். அதுவரை அந்த மனிதர் பையனைத் தொடவே இல்லை. படம் வந்ததும் ஸ்டூடியோ வாசலில் மாட்டினேன். போகிற வருகிறவர்களிடமெல்லாம் என் மகன் எடுத்தது என்று சொல்லி அலுக்கவைத்தேன். லென்ஸுக்கு யாராவது விலை கேட்டால் உனக்காகத்தான் வேண்டாம் என்றேன். உன்னிடம் அதை ஒரு நாளும் சொன்னதில்லை, அதனால் இப்போது சொல்கிறேன்.

இனி சரஸ்வதி பூஜைக்கு வருகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு முதல் பூஜை. உன் மாமனார் வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் பார்க்கட்டும் என்று லென்ஸைத் துடைத்து, மூடியைக் கழற்றி, வாசலைப் பார்த்தாற்போல் காமிராவை நிறுத்தி வைத்தேன். பழைய லென்ஸாகப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு ஒரு நல்ல லென்ஸைக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை. கடைசியில் ரயிலில் ஏதோ சரக்கு வந்துவிட்டது என்று அவர் வரவில்லை, பழத்தட்டு மட்டும் வந்தது. நான் பொரி வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் உன் அம்மா மருமகளிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து, "எல்லாத்துக்கும் வச்சு விடு தாயி" என்றிருக்கிறாள். அந்தப் பெண் ஸ்டாண்டுக்கு வைத்தாள், மரப்பெட்டிக்கு வைத்தாள், படம் பிடிக்கும் கண்ணாடித் தட்டுகளுக்கும் படம் திருத்தும் பென்சில்களுக்கும் வைத்தாள். நான் திரும்பி வந்தபோது லென்ஸின் முன்கண்ணாடியில், நட்டநடுவில், கெட்டிச் சந்தனமும் அதன்மேல் குங்குமமுமாக ஒரு பொட்டு. "அதுதான மாமா கண்ணு, அதுக்கு வைக்காம விட்டா நல்லாருக்குமா?" என்றாள். நீயும் அங்கேதான் நின்றாய். லென்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய்.

பூஜையில் வைத்ததை மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது. தெரியாதவளா என்ன உன் அம்மா, கண்ணாலேயே என்னைத் தடுத்தாள். வீட்டுக்கு வந்த பெண் முதன்முதலாக வைத்த பொட்டை அவள் முன்னாலேயே அழிப்பது எப்படி? நான் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இரவெல்லாம் அது காய்ந்துகொண்டிருந்தது. கல்லில் அரைத்த சந்தனத்தில் கல்தூளும் கலந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் மறுபூஜை முடிந்ததும் தண்ணீரில் ஊறவைத்து, ஊதி, பழைய மல் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். கழற்றிக் கதவுப் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். தலைமுடி போல இரண்டு கீறல். காப்பியோடு வந்து நின்ற மருமகள், "என்ன மாமா பாக்குறீக?" என்றாள். "தூசி தாயி" என்றேன். அவள் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போனாள். லென்ஸ் வியாபாரி வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு, கதவு வெளிச்சத்தில் ஒருவன் லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று தெரியாமலா இருக்கும்? அன்று எனக்கு அது தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் உன் மாமனார் கடைக்குப் பக்கம் என்று நீங்கள் வண்டியூரில் அவர் வீட்டுக்கே குடிபோனீர்கள். மார்கழியில், லென்ஸை விற்கலாமா என்று கேட்ட கையோடு, நீ உன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தாய். லென்ஸைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். நான் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேன். அவர் கதவுப் பக்கம் போனார், வெயில் நேரே படாத இடமாகப் பார்த்து நின்று, குழாயைச் சாய்த்தார். நீ பக்கத்தில் நின்றுகொண்டு, "மாமாதான்ப்பா இப்படிப் பாக்கச் சொல்லிக் குடுத்தாக" என்றாய். அதே கதவுப் பக்கத்தில், அதே வெளிச்சத்தில், உன் தோளைப் பிடித்து நிறுத்தி உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். அப்போதே லென்ஸைப் பிடுங்கியிருப்பேன். விருந்தாளி என்பதால் நின்றேன்.

"சம்பந்தி, முன்கண்ணாடியில ரெண்டு கீறல் இருக்கு" என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார். "படத்துக்கு ஒண்ணும் பண்ணாது. நீங்க இன்னும் இருபது வருசம் எடுக்கலாம். விக்கிறப்பத்தான் அது குறுக்க வரும்."

"வெலை எம்புட்டு போகும்?" என்று நான் கேட்டேன்.

"யுத்தத்துல கேட்டிருந்தா வேற. இப்ப கொடைக்கானல்ல வெள்ளைக்காரங்க பெட்டி கட்டுறாங்க. லென்ஸு மேல லென்ஸா இறங்குது. நான் எடுத்துக்கிறேன். முந்நூறு தாரேன்."

உங்க மகள் வைத்த பொட்டுதான் அது என்ற ஒரு வாக்கியம் என் நாக்கின் நுனியில் நின்றது. அதைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அங்கேயே சுருண்டிருப்பார். என் மருமகள் அன்று சாயங்காலம் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். அதனால் மென்று விழுங்கினேன். ஆனால் நீ சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். அப்பாவின் லென்ஸில் கீறல் விழுந்தது அப்பாவின் அசட்டையால் இல்லை என்று ஒரு வார்த்தை. நீ சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாய். பிறகு, "மாமா சொல்றது சரியான வெலைதாம்ப்பா" என்றாய். நீ பெண்டாட்டியைக் காப்பாற்றுகிறாய் என்று எனக்கு உறைக்கவில்லை. மாமனார் பக்கம் போய் நின்றுகொண்டாய் என்றுதான் பட்டது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. உன் அம்மாவிடம் வயிறு மந்தம் என்றேன்.

மூன்றாம் நாள் லென்ஸைத் துணியில் சுற்றிக்கொண்டு காஜிமார் தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு பாய் கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பழைய காமிரா எல்லாம் வாங்கி விற்கிறார். உன் மாமனார் என்னை ஏமாற்றுகிறார் என்று பாய் வாயால் கேட்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வழியெல்லாம் அதைக் கற்பனை செய்துகொண்டே போனேன். பாய் ஐந்நூறு என்பார். நான் உன்னிடம் வந்து ஒன்றும் சொல்லாமல் அந்த ஐந்நூறை மேஜைமேல் வைப்பேன். நீ உன் மாமனாரை நிமிர்ந்து பார்ப்பாய். இப்படியெல்லாம் நினைத்து சைக்கிளில் தனியாகச் சிரித்துக்கொண்டு போன கிழவனை வழியில் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ.

பாய் வெகுநேரம் பார்த்தார். திருகாணிகளைப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க உள்ளே இருக்கும் இதழ்களைத் திறந்து மூடினார். "நல்ல கண்ணாடிண்ணே. யாரும் கழட்டிப் பாக்காத சரக்கு. ஆனா வாங்குறவன் மொதல்ல இந்தக் கீறலத்தான் பாப்பான். இருநூறு தரலாம். அதுக்கு மேல நமக்குக் கட்டாது."

"ஒருத்தர் முந்நூறு சொல்லியிருக்காரே, பாய்."

யார் என்று கேட்டார். சொன்னேன். பாய் லென்ஸைத் துணிமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். "அவரா? வெலையில காலணா ஜாஸ்தி குடுக்க மாட்டாரு, காலணா கம்மியும் சொல்ல மாட்டாரு. அவரு முந்நூறுன்னா அது யாவாரம் இல்லண்ணே, முஹப்பத்து. பிரியத்துல சொன்ன வெலை. வாங்கிக்கிட்டுப் போங்க." பிறகு டீ வரவழைத்தார். வேண்டாம் என்றேன். பிறகு குடித்தேன்.

அவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். ஒருவன் திருடன் என்றால் அவன்மேல் கோபப்படலாம், நாலு பேரிடம் சொல்லலாம், தூக்கம் வரும். நல்லவனாக இருப்பவனை என்ன செய்வது? வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பொரிந்தேன், எனக்கு எதற்கு அந்த ஆள் நூறு ரூபாய் பிச்சை போட வேண்டும் என்று. அவள் அரிசி புடைத்துக்கொண்டே, "பிச்சை இல்லங்க. அந்தப் பொண்ணு அவுக அப்பாகிட்ட எப்பவோ சொல்லிருச்சு, பொட்டு வச்சது நான்தான்னு. எங்கிட்ட வந்து அழுதுட்டுத்தான் போச்சு" என்றாள். அப்படியானால் அவர் கதவுப் பக்கம் லென்ஸைச் சாய்த்தபோதே அந்தக் கீறல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துதான் சாய்த்திருக்கிறார். கீறல் இல்லை என்று பொய் சொல்ல அவருக்கு வராது. மகளுக்காக மன்னிப்புக் கேட்டு என்னைச் சங்கடப்படுத்தவும் மனசில்லை. விலையில் கூட்டிவிட்டார். மருமகளைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தோம் என்று எனக்குள் ஒரு பெருமை ஓடிக்கொண்டிருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டார்.

நீ வியாபாரத்துக்குப் போகிறாய், அதனால் நானும் நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன், உன் மாமனார் ஏற்கெனவே சொல்லியிருந்தாலும் சரி. ஒருவன் தன் லென்ஸை விற்க வரும்போது அவன் முன்னால் அதை மட்டமாகப் பேசாதே. அதோடு அவன் பத்து வருஷம் பிழைத்திருப்பான். பளபளப்பை நம்பாதே, திருகாணியின் தலையைப் பார். அது தேய்ந்திருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறான். மழைக்காலத்தில் வந்த சரக்கை மூக்கருகில் கொண்டுபோய்ப் பார், பூசண வாடை அடித்தால் தொடாதே. கீறலைச் சொல்ல வேண்டி வந்தால் மெதுவாகச் சொல், உன் மாமனார் என்னிடம் சொன்னதைப் போல. இந்த ஒன்றை நீ அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை வராது. உன் மனைவியைப் பூஜை நாளில் என்றைக்கும் எதற்காகவும் அதட்டாதே. அன்று காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றது சரிதான். நான் உன் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இப்போது பதில். நேற்று அந்த லென்ஸை பாயிடம் இருநூறு ரூபாய்க்கு விற்றுவிட்டேன். பணம் அம்மாவிடம் இருக்கிறது, போகும்போது வாங்கிக்கொள். முந்நூறு கைக்கு எட்டின தூரத்தில் இருக்க இருநூறுக்கு விற்ற மடையனை நீ தலையில் அடித்துக்கொண்டு திட்டுவாய் என்று தெரியும். யோசித்துத்தான் செய்தேன். அந்த முந்நூறில் நூறு அவருடையது. நீ அங்கே கடை திறக்கும்போது அப்பா கொடுத்த முதல் என்று ஒன்று இருக்குமானால் அதில் அவர் கை பட்டிருக்கக் கூடாது. இது குறைச்சலான தொகை. ஆனால் முழுக்க நான் கொடுத்தது. குறைகிறதை அவரிடமே கேள், முகம் சுளிக்காமல் தருவார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. ஸ்டூடியோவைப் பற்றிக் கவலைப்படாதே. சின்ன லென்ஸ் இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படத்துக்கும் சர்க்கார் தாளில் ஒட்டும் படத்துக்கும் அது போதும். என் கண்ணும் இப்போதெல்லாம் கறுப்புத் துணிக்குள் போனால் காமிராக் கண்ணாடியில் தலைகீழாக விழும் முகங்களில் மூக்கு எது வாய் எது என்று தடுமாறுகிறது.

ஒரே ஒரு காரியம் நீ எனக்குச் செய்ய வேண்டும். உன் மாமனார் அந்த பாய் கடைக்குப் போகிற வருகிறவர். கண்ணாடி அலமாரியில் பார்த்ததுமே நம் லென்ஸ் என்று தெரிந்துகொள்வார். பாய் சொல்லும் விலையைக் கொடுத்து வாங்கி, நான் இல்லாத நேரமாகப் பார்த்து ஸ்டூடியோவில் வைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடக்கூடிய ஆள் அவர். அப்படி எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள். என்ன சொல்லியாவது தடுத்துவிடு. என் மகனையே அவருக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக அவரிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

உன் அப்பா